முகத்தைக் காயவிடாதே

தூத்துக்குடி
8-6-1974

அன்புள்ள ஜெபாவுக்கு வடிவு எழுதுவது.

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். சுகமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை ஏளா. நீதான் நர்ஸ், நீயே சொல். உங்கள் ஆஸ்பத்திரியில் என் கன்னத்தை மிஷின் வைத்துத் தேய்த்து இன்றோடு பதினோரு நாள். கட்டு எடுத்து ஐந்து நாள். கண்ணாடியில் பார்த்தால் தோலுரித்த தக்காளி மாதிரி இருக்கிறது. மூக்கோரம் பொருக்கு உரிகிறது. தாடையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது. இது ஆறுகிறதா, அழுகுகிறதா?

ரயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தேன். மணியாச்சியில் ஏறிய ஒருவர் எதிரே உட்கார்ந்தார், என்னைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பதின்மூன்று வருஷமாக அம்மைத் தழும்போடு எத்தனை ரயிலில் போயிருக்கிறேன். ஒருத்தரும் இப்படி எழுந்து போனதில்லை.

இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "புண்ணுன்னா காயணும்ளா. எந்நேரமும் கொழகொழன்னு வச்சிருந்தா எப்படி ஆறும்? மஞ்சளை அரச்சுப் போடுதேன்" என்று அம்மா நிற்கிறாள். அப்பா கம்பவுண்டரிடம் கேட்டு ஏதோ பவுடர் வாங்கி வந்திருக்கிறார், அதைத் தூவினால் இரண்டே நாளில் காய்ந்துவிடுமாம். நீ கொடுத்தனுப்பிய வாசலின் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுவில் முழிக்கிறேன். புண் காய வேண்டுமா, காயக் கூடாதா? இது ஒன்றை மட்டும் எனக்குத் தெளிவாக எழுது.

ஆபீசுக்கு ஒரு மாத லீவு சொல்லியாயிற்று. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப் அடிக்க ஆளா இல்லை. எனக்குக் கவலையெல்லாம் ஆவணி இருபதில் வைத்திருக்கிற கலியாணம்தான். அதற்குள் முகம் சரியாகிவிடுமா? ஆழ்வார்திருநகரிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் நான் மெட்ராஸ் வந்த விஷயம் தெரியாது. தை மாதம் அவர்கள் பெண் பார்க்க வந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் வந்த ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்ததும் காப்பி டம்ளரைப் பார்த்தார்கள். இந்த மாப்பிள்ளை தளவாய் மட்டும் என்னையே பார்த்தார். அப்படிப்பட்டவர் பக்கத்தில் மணவறையில் உட்காரும்போது, பார்க்கிறவர்கள் அவருக்காகப் பரிதாபப்படக் கூடாது. அதற்குத்தானே இந்தப் பாடு.

சீக்கிரம் பதில் போடு. நீர் கசிவது பற்றி மறக்காமல் எழுது.

உன்
அருணாசலவடிவு

சென்னை
11-6-1974

என் அன்பு வடிவுக்கு,

கர்த்தர் உனக்குச் சுகத்தையும் கூடவே கொஞ்சம் புத்தியையும் தருவாராக.

ஏளா மூதி, மெட்ராஸில் இருந்தபோது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேனே, அத்தனையும் மணியாச்சியில் இறங்கிவிட்டதா? காயக் கூடாது. காயவே கூடாது. உன் கன்னத்தில் மேல்தோல் இல்லை, பிள்ளைத்தோல்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. அது ஈரத்தில்தான் ஊர்ந்து வந்து மூடும். காயவிட்டால் பொருக்குக் கெட்டியாகி வெடிக்கும், வெடித்த இடம் குழியாகும். நாற்று நட்ட வயலில் தண்ணீர் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? வயக்காட்டுக்காரி மகளுக்கு நாசரேத்துக்காரி நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

ஆகையால் கேள். கொதித்து ஆறிய தண்ணீரில் கையை நன்றாகக் கழுவி, முகத்தையும் அதே தண்ணீரில் மெல்ல நனைத்து எடு. தேய்க்காதே. பழைய மல்துணியால் ஒற்று. பிறகு வாசலினை மெல்லிசாகப் பூசு, இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. அப்பிக்கொள்ளாதே. காய்வது போலத் தெரிந்தால் மறுபடி போடு, நாலு தடவையானாலும் சரி, ஆறு தடவையானாலும் சரி. பொருக்கைப் பிய்க்காதே. மஞ்சள், பவுடர், சோப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. வெயில் ஆகவே ஆகாது. உங்கள் ஊர் வெயில் உப்பளத்தில் பட்டுத் திரும்பி வந்து அடிக்கும், வாசலில் நிற்கக்கூட வேண்டாம்.

தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் உடனே டாக்டரிடம் ஓடு. சிவப்பு இரண்டு மூன்று மாதம் இருக்கும். பிளாரன்ஸ் டாக்டரம்மா முதலில் மாட்டேன் என்றார்கள், தெரியுமல்லவா? நம் நிறத் தோலுக்குக் கறுப்புத் தட்டலாம் என்று பயந்தார்கள். நான் வார்டில் பின்னாலேயே நடந்து நடந்து சம்மதிக்க வைத்தேன். என் பெயரைக் கெடுத்துவிடாதே.

பெரிய புட்டி ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேறு என்ன வேண்டுமென்றாலும் எழுது. எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உன்
ஜெபகனி

தூத்துக்குடி
17-6-1974

அன்புள்ள ஜெபா,

இந்தக் கடிதத்தைப் பால்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் தொடுவாளோ மாட்டாளோ. ஏனென்றால் இது இப்போது அம்மை வீடு.

சிரிக்காதே. பார்சல் கொண்டுவந்த தபால்காரரிடம் கையெழுத்துப் போட வாசலுக்குப் போனேன், அவ்வளவுதான். அடுத்த வீட்டுச் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் சம்சாரம் பார்த்துவிட்டாள். "யாத்தே, அம்மன் மறுபடியும் எறங்கிட்டாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் எங்கள் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மா அதை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மன் பேரில் கட்டிய வேப்பிலையை எடுத்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்கு நடுக்கம். எடுக்காவிட்டால் பொய்யாகிவிடும் என்று அதற்கும் நடுக்கம். கடைசியில் எடுக்கவில்லை.

செய்தி ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் என் வருங்கால மாமியார் இசக்கித்தாய் அத்தை இளநீர்க் குலையோடும் ஒரு சாக்கு வேப்பிலையோடும் வந்து இறங்கிவிட்டாள். என்னைப் பார்த்ததும் கட்டிலுக்குக் கீழே தரையில் விழுந்து கும்பிட்டாள். "தாயே, எங்க வீட்டுப் புள்ளையத் தேடி வந்திருக்கியே, குளுந்து போ தாயே" என்கிறாள். எனக்கு எழுந்து உட்காருவதா, படுத்தே கிடப்பதா என்று புரியவில்லை. ஆசீர்வாதம் செய்ய வேண்டுமோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு என் கன்னத்தைத் தொட்டாள். கையில் வாசலின் ஒட்டியது. "என்னது, எண்ணெயா? அம்மன் எறங்கியிருக்க ஒடம்புல எண்ணெய்ப் பசை படலாமா? மதினி, என்ன காரியம் செஞ்சிய?" என்று அம்மாவைப் பார்த்து ஒரு சத்தம். அத்தை வேப்பிலையைத் தண்ணீரில் முக்கி என் முகத்தை ஒரு பசையில்லாமல் துடைத்து எடுத்துவிட்டாள். கொத்துக்கொத்தாகப் பொருக்கும் கூடவே போயிற்று. உயிர் போய்விட்டது ஏளா.

மூன்று நாளாயிற்று. வீட்டில் தாளிப்பு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, யாரும் தலை சீவவில்லை. வாசலின் புட்டி இரண்டையும் அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். முகம் பலாச்சுளையை வெயிலில் போட்ட மாதிரி இறுகுகிறது. சிரித்தால் வெடிக்கிறது. சிரிக்கவும் ஒன்றுமில்லை. அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அத்தை இங்கேதான் இருப்பாளாம். என்னை விசிறிக்கொண்டே இருக்கிறாள் பாவம், தூங்காமல். உண்மையைச் சொல்லலாமென்றால் அம்மா கண்ணாலேயே கெஞ்சுகிறாள், சம்பந்தம் போய்விடுமென்று. நான் நோயாளியா, சாமியா? என்ன செய்ய?

வடிவு

சென்னை
20-6-1974

வடிவு,

கடிதம் இப்போதுதான் வந்தது. டூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன்.

அரிசிப் பானையிலிருந்து புட்டியை எடு. இந்த நிமிஷமே. கொதித்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்துக் கால்மணி நேரம் முகத்தில் போட்டு, இறுகியது இளகியதும் வாசலின் பூசு. இரண்டு மணிக்கொரு தடவை. வெடித்த இடத்தில் சீழ் இருக்கிறதா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்.

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடு. அம்மா அழுதால் அழட்டும். சம்பந்தம் போனால் இன்னொன்று வரும், இந்தத் தோல் இன்னொரு தடவை வராது. கையெடுத்துக் கும்பிடுகிறேன், காயவிடாதே.

எப்படியிருக்கிறது என்று உடனே எழுது. உடனே.

ஜெபா

தூத்துக்குடி
25-6-1974

அன்புள்ள ஜெபா,

நானாகச் சொல்லவில்லை. ஆனால் உண்மை வெளியே வந்துவிட்டது.

அம்மை கண்ட வீடு என்று யாரோ முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். எங்குமே அம்மை இருக்கக் கூடாதென்று சர்க்காரில் வீடு வீடாகத் தேடுகிறார்களாமே. வெள்ளிக்கிழமை காலையில் வன்னியபெருமாள் என்று ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர், அம்மைப் பிள்ளையின் படம் போட்ட அட்டையோடு வந்து நின்றார். அத்தை வாசலை மறித்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். என் கையை நீட்டச் சொன்னார், காலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இது அம்மை இல்லையேம்மா. அம்மைன்னா கை காலெல்லாம் இருக்கும். இது ரெண்டு கன்னத்தோட கோடு போட்டாப்புல நிக்குதே. யாரோ தோலை எடுத்திருக்காங்க. என்ன வைத்தியம் பாத்திய?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான்தான் சொன்னேன். மெட்ராஸ், மிஷின், நீ, வாசலின் எல்லாம். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அத்தை விசிறியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. இதைச் சொன்னாள்.

"தளவாய்க்கு ஆறு வயசுல அம்மை வாத்துது. பேச்சு மூச்சில்ல. குலசைக்கு நடந்தே போயி முத்தாரம்மன் நடையில விழுந்தேன். எம்புள்ளைய விட்டுரு தாயே, நீ தொட்டு வச்ச புள்ளையையே எனக்கு மருமகளாக் கொண்டாருதேன்னு நேந்தேன். நாலு வருசமா ஊரூராத் தேடுனேன். இப்பத்த புள்ளையளுக்கு எங்கன இருக்கு தழும்பு? எல்லாவளும் ஊசி குத்திக்கிட்டாளுவ. ஒன்னப் பாத்ததும் அம்மனே காட்டித் தந்தான்னு நெனச்சேன். அத அழிச்சிட்டு வந்து நிக்கியே வடிவு."

கேட்டாயா ஜெபா. அந்த ஏழு பேரும் தழும்பைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்கள், இவர் தழும்பைப் பார்க்கத்தான் தலையை நிமிர்த்தியிருக்கிறார். என்னைப் பார்த்தார் என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாதமாக நான் தூக்கத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது என் தாடையைப் பிடித்துக் கேட்டாள். "ஏளா, அந்தக் களிம்பப் போடாம விட்டுட்டா பழையபடி வந்துருமா?" அவள் கேட்டதில் கள்ளமே இல்லை. அப்பா "களிம்பை நிறுத்து" என்கிறார். புண் சீக்கிரம் ஆறட்டும் என்று முதல் நாள் பவுடர் வாங்கி வந்தவர். அம்மா ஒரு நாள் போடு என்கிறாள், ஒரு நாள் போடாதே என்கிறாள்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ கத்துவாய். மூன்று நாளாக வலது கன்னத்துக்கு மட்டும் வாசலின் போடுகிறேன். இடது கன்னத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதே. போடலாமென்று கை போகும், வேண்டாமென்று திரும்பிவிடும். காயவிட்டால் குழி விழும் என்று நீதானே எழுதினாய்? அப்படியானால் பழைய தழும்பு வந்துவிடுமா? உண்மையைச் சொல். எனக்கு அந்தக் கலியாணம் வேண்டும் போலவும் இருக்கிறது, இந்த முகம் வேண்டும் போலவும் இருக்கிறது.

உன்
வடிவு

சென்னை
28-6-1974

என் வடிவுக்கு,

வராது. பழைய தழும்பு வராது. அது வேறு, இது வேறு. காயவிட்டால் வருவது வெறும் புண் வடு. தடித்து, கறுத்து, இழுத்துக்கொண்டு நிற்கும். அதை உன் அத்தையும் கேட்கவில்லை, அம்மனும் கேட்கவில்லை. இடது கன்னத்துக்கும் போடு. இன்றைக்கே போடு. உனக்காக வேண்டாமென்றால் எனக்காகப் போடு.

ஏன் எனக்காக என்று கேட்பாய். இரண்டு நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, இதை அனுப்பியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாசரேத்தில் போர்டிங்கில் ஆறாவது படித்தபோது அம்மை குத்துகிறவர் வந்தாரே. நீயும் நானும் பயந்துபோய் விறகுப் புரைக்குள் ஒளிந்தோம் என்றுதான் இன்றுவரை நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பயமே இல்லை வடிவு. எனக்குக் கிறிஸ்துமஸ் லீவிலேயே குத்தியாகிவிட்டது. எங்கள் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், விடுவாரா? கை வீங்கி நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அதைப் பெரிதாக்கி உன்னிடம் சொன்னேன், ஊசி எலும்பு வரைக்கும் போகும் என்றேன். நீ அழுதாய். நான்தான் உன்னைப் புரைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். பெயர் கூப்பிட்டபோது "வடிவு ஊருக்குப் போயிருக்கா டீச்சர்" என்று சொன்னதும் நான்தான். உன்னைக் காப்பாற்றுகிறதாக நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் மாதம் உனக்கு அம்மை வாத்தது.

நான் நர்ஸானதே அதனால்தான் என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் அதுவும் ஒரு காரணம். பிளாரன்ஸ் டாக்டரம்மா பின்னால் நாய்க்குட்டி மாதிரி நடந்தது அதனால்தான். உன் கன்னம் வழுவழுவென்று ஆகிவிட்டால் நான் இரவில் நிம்மதியாக ஜெபம் பண்ணலாம் என்று இருந்தேன். என்னை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் வாசலினைப் போடு.

ஜெபகனி

தூத்துக்குடி
8-7-1974

ஜெபகனிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாளாகிறது. பதில் எழுதத் தாளை எடுப்பேன், வைத்துவிடுவேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கித்தாய் அத்தை தளவாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள். குலசைக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டிருக்கிறாள். மிச்சமிருக்கிற தழும்பே போதும், ஒன்றிரண்டு இருந்தாலும் அது அம்மன் கைதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்த் தாடையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். வலது பக்கம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இடது பக்கம் நான் காயவிட்டதில் கறுத்து வெடித்துக் கிடக்கிறது. "இந்தா, இங்கன மூணு நிக்கி. காதோரம் ஒண்ணு. போதும் மதினி, முகூர்த்தத்த மாத்த வேண்டாம். அந்தக் களிம்ப மட்டும் இனிமே இந்தப் பக்கம் காட்டாதிய" என்றாள். அம்மாவுக்குப் போன உயிர் வந்துவிட்டது.

நான் தளவாயிடம் கேட்டேன். எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். "தழும்பு இல்லாம இருந்தா என்னப் பாக்க வந்திருப்பியளா?"

அவர் அவருடைய அம்மாவைப் பார்த்தார். "அம்மா நேந்திருக்கால்லா" என்றார்.

"அது அத்தைக்கு. உங்களுக்கு?"

"அம்மாவுக்குச் சரின்னா எனக்கும் சரிதான்" என்றார். நல்ல மனுஷர் ஜெபா, பொய் சொல்லத் தெரியவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

உள்ளே போய் வாசலின் புட்டியை எடுத்து வந்தேன். அவர்கள் எதிரே உட்கார்ந்து இடது கன்னத்தில் பூசினேன். காது, கழுத்தெல்லாம் பூசினேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம். ராத்திரி பகலாக என்னை விசிறியவள். அப்பா அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் உப்புக் கேட்கிறார்.

இனி உன் விஷயம்.

எனக்கு அம்மை வந்து தேறிப் பள்ளிக்கூடம் வந்த அன்று நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ஒளிந்தோம், ஜெபாவையாவது காப்பாற்றினாயே தாயே என்று அன்றைக்கு நான் அம்மனுக்கு நன்றி சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், போன தசரா வரைக்கும். என்னை என்ன கேலிக்கூத்து ஆக்கிவிட்டாய் நீ.

பதினோரு வயசில் செய்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும்? அதற்கப்புறம் செய்ததற்குத்தான் கோபம். போர்டிங்கில் உன் பங்கு முட்டையை என் தட்டில் போட்டாய். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையை எனக்குக் கொடுத்தாய். கேட்காமலே கேட்காமலே கொடுத்தாய். உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டால், எனக்கு ஒன்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு கைக்குட்டைகூடக் கேட்டதில்லை. இப்போது புரிகிறது. சிநேகிதியாக இருந்தால் கேட்டிருப்பாய். நீ தண்டம் கட்டிக்கொண்டிருந்தாய்.

எனக்கென்று வந்ததாக நான் நினைத்தது இரண்டு. ஒன்று நீ, ஒன்று அந்தச் சம்பந்தம். இரண்டும் தழும்புக்கு வந்தது. அது போய்விட்டால் என்னிடம் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் இரண்டு கன்னத்துக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை.

எனக்கு எழுதாதே. முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கார்டுகூட வேண்டாம்.

அருணாசலவடிவு

சென்னை
14-7-1974

வடிவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தண்டம் என்ற சொல்லைப் படித்துவிட்டு மருந்து அறையில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அத்தனையும் தண்டமாகத்தான் இருந்ததா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முட்டையைக் கொடுத்தபோது உன் சிரிப்பைப் பார்க்கவும் பிடித்திருந்தது. எது எதுவென்று குழம்பிக் கிடக்கிறேன்.

முகத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஆபீசுக்குப் போக ஆரம்பித்தால் குடை பிடித்துக்கொண்டு போ. பார், சொல்லாமல் இருக்க எனக்கு வரவில்லை.

ஜெபா

சென்னை
3-9-1974

அன்புள்ள வடிவு,

ஏழு வாரமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இப்போது எழுதுவது எனக்கு ஒரு உதவி வேண்டியிருப்பதால்.

பத்து நாளாக வயிற்றின் வலது பக்கம் வலி. சூட்டுவலி என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டு டூட்டி பார்த்தேன். நேற்று வார்டிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். குடல்வால் வீங்கியிருக்கிறதாம். ஊசி போட்டு இப்போதைக்கு அடக்கி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் இன்பமணி நல்லவள்தான், ஆனால் அவளுக்கு டூட்டி.

சின்ன ஆபரேஷன். நானே நூறு பேரைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போய் "ஒண்ணுமில்ல, பயப்படாதிய" என்று சொல்லியிருக்கிறேன். அதை இப்போது எனக்கே சொல்லிப் பார்த்தால் பல் கிட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது வடிவு. மயக்கம் தெளிந்து கண்ணை விழிக்கும்போது தெரிந்த முகம் ஒன்று வேண்டும். நாலு நாள் பக்கத்தில் இருந்து, வாய் காய்ந்தால் தண்ணீர் தொட்டு வைத்து, எழுந்து நடக்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். யார் என்று யோசித்தேன், உன்னைத் தவிர ஒருத்தரும் தோன்றவில்லை.

நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை என்று நீ அன்றைக்கு எழுதியதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. அது ஞாபகம் வந்ததால் நேற்று முழுக்க எழுதாமலே இருந்தேன். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வருவாயா? வர மனமில்லையென்றால் இல்லை என்று ஒரு வரி போடு, வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டேன்.

உன்
ஜெபா

தூத்துக்குடி
6-9-1974

ஜெபா,

நாளைச் சனிக்கிழமை வண்டியில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தந்தி கொடுத்துவிட்டேன்.

நேற்றுத்தான் ஆவணி இருபது, கலியாணம் நடந்திருக்க வேண்டிய நாள். வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் தபாலில் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, மெட்ராஸ் போகணும் என்றேன். அப்பா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போய் டிக்கெட் எடுத்து வந்தார். "அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு கேட்டுச் செய்யி" என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

உன்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அப்படியே இருக்கிறது. ரயிலில் உட்கார்ந்து யோசித்தால் இன்னும் கூடும். வைய வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது, நீ எழுந்து உட்காரும்வரை பொறுத்துக்கொள்கிறேன். தையல் பிரிப்பதற்குள் ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பேன்.

ஏளா மூதி, பத்து நாள் வலியை வைத்துக்கொண்டு வெந்தயமா விழுங்கினாய்? நீயெல்லாம் ஒரு நர்ஸா? வேறு என்ன வேண்டும் என்று யோசித்து வை. வந்ததும் கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்று மட்டும் சொன்னாயோ, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன்.

கோபத்தோடுதான் வாரேன். ஆனா வாரேன்.

வடிவு